பேட் மார்ட்டினோ என்னும் கிட்டார் வாத்தியார்

கிட்டார் வாசிக்கிறவர்களைவிட, கிட்டார் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்குத்தான் அமெரிக்க ஜாஸ் கிட்டார்க்காரர் பேட் மார்ட்டினோவின் கதை அதிகம் உறைக்கும் என்பது என் எண்ணம். இணையத்தில் அவரைத் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே சங்கதிதான் முதலில் வரும்: மூளையில் அறுவை சிகிச்சை, நினைவெல்லாம் போயிற்று, தன் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டே மறுபடி கிட்டார் கற்றார். உண்மைதான். ஆனால் அந்த அதிசயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் தடவை யாரிடம், எப்படிக் கற்றார்? பிற்பாடு மற்றவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்? அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. எனக்கு அதில்தான் கண்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பெரம்பூரில் வீட்டு மாடியில் கிட்டார் வகுப்பு எடுக்கிறேன். வார இறுதியில் ஒரு ஓட்டலின் லவுஞ்சில் மூன்று பேராகச் சேர்ந்து ஜாஸ் வாசிக்கிறோம். ஜாஸ் என்று சொன்னால் மேனேஜர் முகம் மாறுகிறது என்பதால் அவரிடம் ‘சாஃப்ட் மெலடி’ என்று சொல்லிவைத்திருக்கிறோம். இரண்டு மணி நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து வந்து எழுபதுகளின் இந்திப் பாட்டு ஒன்று கேட்பார். வாசிப்போம். நடுவில் எட்டு பார், அதாவது எட்டு தாளச் சுற்று, எங்கள் இஷ்டத்துக்குப் போய்விட்டுத் திரும்புவோம். அந்த எட்டு பாருக்காகத்தான் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிப்பது.

நான் கற்றது ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவரிடம். பெரம்பூரில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒருவர் இருந்தார். அவர் வீட்டு கேசட் பெட்டியில் ஜாஸ் கிட்டார் மேதை வெஸ் மாண்ட்கோமரிக்குப் பக்கத்தில் மார்ட்டினோ இருந்தார். “இந்த ஆள் வாசிக்கிறதை முதல்ல மெதுவா கேக்கணும்பா, வேகத்தைப் பாத்து பயந்துடாதே” என்பார். கேசட்டை எப்படி மெதுவாகக் கேட்பது என்று மட்டும் சொல்லவில்லை.

சரி, பிலடெல்பியாவுக்கு வருவோம்.

பேட் மார்ட்டினோவின் சொந்தப் பெயர் பேட் அசாரா. 1944 ஆகஸ்ட் 25இல் பிலடெல்பியாவின் தெற்குப் பகுதியில், இத்தாலியக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டையில் பிறந்தார். அப்பா கார்மென் அசாராவை எல்லோரும் மிக்கி என்றே கூப்பிட்டார்கள். மிக்கி ஒரு பாடகர், மேடையில் மார்ட்டினோ என்ற பெயரில் பாடினார். மகன் பிறகு எடுத்துக்கொண்டது அந்தப் பெயரைத்தான். அப்பாவுக்கும் கிட்டார் ஆசை உண்டு. எடி லாங்கிடம் கொஞ்ச நாள் பாடம் எடுத்தவர். எடி லாங் அதே தெற்கு பிலடெல்பியாவின் இத்தாலியர். ஜாஸில் கிட்டாரைத் தாளம் தட்டுகிற வேலையிலிருந்து எடுத்துத் தனியாகப் பேசவைத்த முதல் ஆட்களில் ஒருவர். டான்சில் அறுவை சிகிச்சைக்குப் போய் 1933இல் முப்பது வயதில் இறந்துபோனார். ஆக, பையன் பன்னிரண்டு வயதில் கிட்டாரைத் தொடும்போதே அவன் வீட்டில் ஒரு குருபரம்பரை, அறுந்த நூலாகவாவது, இருந்திருக்கிறது.

சிறு வயது மார்ட்டினோவைப் பற்றி லெஸ் பால் சொன்ன ஒரு சங்கதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு மின்சார கிட்டாருக்கே தன் பெயரைக் கொடுத்த அந்த லெஸ் பாலேதான். அட்லாண்டிக் சிட்டியில் ஒரு நிகழ்ச்சியின்போது, பையனைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். பையன் பிக்கை, அதாவது தந்தியை மீட்டும் அந்தச் சின்ன வில்லையை, பிடித்த விதம், ஏதோ பெரிய இடத்து விருந்தில் சின்னக் காபிக் கோப்பையைச் சுண்டுவிரல் தூக்கிப் பிடிப்பது போல இருந்ததாம். அவ்வளவு நாசூக்கு. வாசித்ததும் லெஸ் பால் அசந்துபோனார். கிட்டார் சொல்லிக்கொடுக்கிற எவரும் முதல் வகுப்பில் பார்ப்பது அந்தக் கையைத்தான். நாசூக்காகப் பிடித்த அந்தக் கை பிற்காலத்தில் வாசித்த தந்திகளைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். நாம் சாதாரணமாக மின்சார கிட்டாரில் போடுகிற முதல் ஸ்ட்ரிங், ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில், 9 அல்லது 10 தடிமன். அவர் போட்டது 15, 16. நான் ஒருமுறை ஆசைக்கு அப்படி ஒரு செட் போட்டுப் பார்த்துவிட்டு, ராத்திரி சோறு பிசையும்போது விரல் நுனியை நினைத்து வருந்தினேன். அந்தத் தடிமன் இருந்ததால்தான் அவருடைய ஒவ்வொரு நோட்டும் உருண்டு திரண்டு, ஒன்றையொன்று இடிக்காமல் வரிசையாக வரும்.

அவருடைய வாத்தியார் டென்னிஸ் சாண்டோல். பிலடெல்பியா இசைக்காரர்களிடையே அந்தப் பெயருக்கு ஒரு தனி மரியாதை. சென்னையில் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டர் என்று சொன்னால் ஒரு தலைமுறை எப்படி நிமிர்ந்து உட்காருமோ அப்படி. மேடையில் பெரிதாகத் தெரியாதவர், ஆனால் மேடையில் தெரிந்தவர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் அவரிடம் நாற்பதுகளின் கடைசியில் படித்தவர். மார்ட்டினோ பையனாகப் பாடத்துக்குப் போன நாட்களில் கோல்ட்ரேனை அங்கே பார்த்திருக்கிறார். கோல்ட்ரேன் அவனை வெளியே அழைத்துப்போய் ஹாட் சாக்லேட் வாங்கிக்கொடுத்து, இசை பற்றிப் பேசுவாராம். இதைப் படித்த நாளிலிருந்து என் வகுப்பில் ஒருவர் பாடம் முடிந்து இன்னொருவர் பாடம் தொடங்குவதற்கு நடுவில் ஒரு கால்மணி இடைவெளி விடுகிறேன். எங்கள் வீட்டில் சாக்லேட் கிடையாது, டீதான். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற ஒருவரும் ஏழாவது படிக்கிற பையன் ஒருவனும் அந்தக் கால்மணியில் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கிரிக்கெட். பரவாயில்லை.

பள்ளியைப் பத்தாவதில் விட்டுவிட்டு, பதின்ம வயதிலேயே நியூயார்க் போய்விட்டார். ஹார்லெமில் பாடகர் லாயிட் பிரைஸின் குழு, பிறகு சாக்ஸஃபோன்காரர் வில்லிஸ் ஜாக்சன், அப்புறம் ஆர்கன் வாசிப்பவர்கள் வரிசையாக: ஜாக் மெக்டஃப், டான் பேட்டர்சன், ஜிம்மி ஸ்மித். இந்த ஆர்கன் குழு என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹேமண்ட் ஆர்கன் வாசிப்பவர் வலது கையில் மெலடி, இடது கையிலும் காலிலும் பேஸ் எனும் அடிநாதம் என்று மூன்று பேர் வேலையை ஒருவராகப் பார்த்துவிடுவார். பக்கத்தில் ஒரு டிரம்ஸ், ஒரு கிட்டார், முடிந்தால் ஒரு சாக்ஸஃபோன். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் சின்ன பார்களில், ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் என்று, ராத்திரி முழுக்க வாசிப்பு. ஜனம் சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் சத்தம் போட்டுக்கொண்டும் இருக்கும். வாசிக்கிற ஒரு துணுக்கு பிடித்துவிட்டால் கூச்சலிடும். பிடித்ததைத் திரும்ப வாசிக்க வேண்டும். இன்னொரு தரம். இன்னும் ஒரு தரம். பையன் வெள்ளைக்கார இத்தாலியன், கேட்கிறவர்கள் கறுப்பர்கள், காலம் அறுபதுகளின் தொடக்கம். அங்கே ஒருவன் நிலைத்து நின்றான் என்றால் அவன் தாளம் சுத்தம் என்று அர்த்தம். 1963, 64 வாக்கில் வந்த வில்லிஸ் ஜாக்சன் இசைத்தட்டுகளில் ‘பேட் அசாரா’ என்று பெயர் இருக்கும், அது இவர்தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆடி மாதம் ஞாபகம் வரும். என் இருபதுகளில் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார். அம்மன் கோயில் திருவிழாக்களில் கூழ் ஊற்றி முடித்த பிறகு ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மேடை ஏறுவோம். முதல் பாட்டுக்கு ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பாடகர் திரும்பி, “அண்ணே, தொண்டை கட்டியிருக்கு, ஒரு கட்டை எறக்கிக்குங்க” என்பார். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். எனக்கும் பெரிய சிரமம் இல்லை, பிடியைச் சில ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கட்டைகள்) கீழே நகர்த்தினால் போதும், விரல் அமைப்பு மாறாது. பாவம், புல்லாங்குழல்காரர்தான் அவசரமாக வேறு குழலைத் தேடுவார். கிட்டார் என்பது வடிவங்களை நகர்த்துகிற வாத்தியம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, அந்தக் கட்டிய தொண்டைதான். மார்ட்டினோ பிறகு கட்டிய பாட முறை முழுவதும் இதே இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

1967இல் பிரெஸ்டீஜ் இசைத்தட்டுக் கம்பெனிக்காக அவருடைய முதல் சொந்த ஆல்பம் ‘எல் ஓம்ப்ரே’. பதிவு செய்தபோது வயது இருபத்திரண்டு. ஆர்கனில் பிலடெல்பியாக்காரர் ட்ரூடி பிட்ஸ். அதில் ‘எ புளூஸ் ஃபார் மிக்கி-ஓ’ என்று ஓர் உருப்படி உண்டு, மிக்கி யார் என்று மேலே சொல்லிவிட்டேன். அடுத்த பத்து வருஷத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஆல்பங்கள். எல்லாவற்றையும் பட்டியலிடப் போவதில்லை. 1968இல் வந்த ‘பையினா’ பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். குர்ஆனை முன்வைத்துச் செய்த ஆல்பம், அதில் தபலா உண்டு, தம்புராவும் உண்டு. தம்புரா வாசித்தவர் பெயர் பாலகிருஷ்ணா என்று அட்டையில் இருக்கும். அந்தக் காலத்தில் சிதாரைக் கையில் எடுத்த மேற்கத்தியர்கள் கணக்கில்லை, பெரும்பாலானவை இன்று கேட்க முடியாதவை. மார்ட்டினோ தப்பித்தார். சுருதி பின்னால் ஓட, அவர் பாட்டுக்கு பிலடெல்பியா பாரில் வாசிப்பதையே இன்னும் நீளமாக, இன்னும் விடாப்பிடியாக வாசித்தார். நம் ராகம் எதையும் தொடப்போகவில்லை. அதனாலேயே நம் காதுக்கு உறுத்தவில்லை.

இதற்கு நடுவே உடம்பு. சின்ன வயதிலிருந்தே தலைவலி, வலிப்பு. டாக்டர்கள் மனநோய் என்று முடிவு கட்டி மருந்து கொடுத்தார்கள், மின்அதிர்ச்சி சிகிச்சை வரை போயிற்று. 1976இல் பிரான்ஸில் ஒரு மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து அப்படியே நின்றுவிட்டார். அதன்பின் மேடையைக் குறைத்துக்கொண்டு, ஹாலிவுட்டில் ஹவர்ட் ராபர்ட்ஸும் இன்னொருவரும் சேர்ந்து 1977இல் தொடங்கிய கிட்டார் பள்ளியில் பாடம் எடுக்கப் போனார். முழுநேர வாத்தியார் வேலைக்கு அவரை அனுப்பிவைத்தது நோய்தான். 1980இல் உண்மையான காரணம் தெரிந்தது. மூளையில் ரத்தக் குழாய்கள் பிறவியிலேயே சிக்கலாகப் பின்னிக்கிடந்திருக்கின்றன, அது கசியத் தொடங்கிவிட்டது. பிலடெல்பியாவுக்குத் திரும்பி, பென்சில்வேனியா ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. செய்தவர் டாக்டர் ஃபிரெடரிக் சிமியோன். இவர் பழைய பந்தயக் கார்களைச் சேர்ப்பதில் பெரும் பித்தர், பிலடெல்பியாவில் அவர் சேர்த்த கார்களுக்காகவே ஒரு மியூசியம் இருக்கிறது. மார்ட்டினோவின் மூளையில் இடது பக்கத்து டெம்பொரல் பகுதியின் பெரும்பாகத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் நின்ற அப்பா அம்மாவை அவருக்குத் தெரியவில்லை. கிட்டார் வாசிப்பவன் என்பதும் தெரியவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள், அதே தெற்கு பிலடெல்பியா வீடு. மாடியில் மகன் படுத்திருக்க, கீழே மிக்கி மகனின் பழைய இசைத்தட்டுகளை ஓடவிடுவார். சுவர் வழியாகவும் தரை வழியாகவும் அது மேலே கசிந்து வருமாம். தான் இன்னாராக இருந்தோம் என்று தனக்கே தெரியாத ஒன்றை அது ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்ததாக மார்ட்டினோ சொல்லியிருக்கிறார். அதில் எரிச்சலும் உண்டு. வாத்தியாராக எனக்கு இந்த இடம் ரொம்பத் தெரிந்த இடம். பிள்ளை மறுபடி கிட்டார்க்காரனாக வேண்டும் என்ற தவிப்பு அப்பாவுக்கு, பிள்ளைக்கு அந்தத் தவிப்பு ஒரு பாரம். என் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் பெற்றோர் பலரிடமும் அதைப் பார்க்கிறேன். பையன் சர்ட்டிஃபிகேட் வாங்குகிற கிரேடு எப்போது என்ற கேள்வியில் அன்பும் இருக்கிறது, பிள்ளையை நெரிக்கிற ஏதோ ஒன்றும் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இசைப் பள்ளியில் அந்தக் கேள்வியை வைத்தே முழு வருஷத்தையும் ஓட்டினார்கள். மூன்று உருப்படி, கொஞ்சம் ஸ்கேல், பரீட்சை. அடுத்த கிரேடுக்கு அடுத்த மூன்று உருப்படி. பிள்ளைகள் டிஸ்டிங்ஷன் வாங்கினார்கள், பிறந்த நாள் பாட்டை யாராவது பாடினால் கூட வாசிக்கத் தெரியாது. நான் வெளியே வந்து மாடியில் பாய் விரித்தேன்.

மார்ட்டினோ கிட்டாருக்குத் திரும்பியது இசைக்காரராகப் புகழ் பெறுவதற்கு இல்லை. ஒரு குழந்தை தன் பொம்மையோடு எப்படிப் பொழுதுபோக்குமோ அப்படித்தான் திரும்பினேன் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கையில் வைத்து நோண்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அப்போது ஃப்ரெட்போர்டின் வடிவங்கள் துண்டு துண்டாக ஞாபகம் வந்தன. ஒரே வீட்டின் வெவ்வேறு அறைகளுக்குப் போகும் படிக்கட்டுகளைப் போல அவை தெரிந்ததாகச் சொல்கிறார். தன் இசைத்தட்டையும் கேட்டார், கேட்டதைக் கையில் தேடினார். ஆகவே ‘இசைத்தட்டைக் கேட்டுக் கற்றார்’ என்பது பாதிதான் சரி. காது பாதி, விரல் பாதி. அம்மா பெயர் மறந்தவனுக்கும் விரல் எங்கே போக வேண்டும் என்பது எங்கோ மிச்சம் இருந்திருக்கிறது. நினைவில் பல வகை உண்டு, நடந்ததை நினைப்பது வேறு, சைக்கிள் ஓட்டுவது வேறு என்று டாக்டர்கள் சொல்வதும் இதைத்தான். 1987 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஃபேட் டியூஸ்டேஸ் கிளப்பில் ஸ்டீவ் லஸ்பீனா பேஸ், ஜோயி பேரன் டிரம்ஸ் என்று இரண்டே பேரோடு மேடையில் வாசித்தது ‘தி ரிட்டர்ன்’ என்ற பெயரில் வெளிவந்தது. பழையதைவிட முரடான வாசிப்பு. எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும்.

இனி அவருடைய பாடம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான், கையில் கிட்டார் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் மேற்கத்திய இசையை பியானோ வழியாகவே படிக்கிறோம். சி மேஜர் ஸ்கேலுக்கு வெள்ளைக் கட்டை மட்டும், ஜி மேஜருக்கு ஒரு கறுப்புக் கட்டை. பியானோவில் அது கண்ணுக்குத் தெரியும். கிட்டாரில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஒரே நோட்டு நாலைந்து இடத்தில் கிடக்கும். கிட்டாருக்கு அதன் சொந்த இலக்கணம் ஒன்று இருக்க வேண்டும் என்று மார்ட்டினோ பிடிவாதமாக நம்பினார். அவர் கண்டது இரண்டே தாய் வடிவங்கள்: ஒன்று டிமினிஷ்டு, இன்னொன்று ஆக்மென்டட். கார்டு என்பது சேர்த்து மீட்டும் சில நோட்டுகள். மேஜர், மைனர், செவன்த் கார்டுகள் இவற்றிலிருந்து ஒரே ஒரு விரல் நகர்வில் பிறக்கின்றன.

எங்கள் தெரு சர்ச்சில் பாடல்களுக்கு வாசிக்கிற ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம் வருகிறாள். அவளுக்கு இதை இப்படித்தான் காட்டினேன். “நாலாவது ஸ்ட்ரிங்ல ஒண்ணாவது ஃப்ரெட், மூணாவதுல ரெண்டு, ரெண்டாவதுல ஒண்ணு, முதல் ஸ்ட்ரிங்ல ரெண்டு. வெச்சாச்சா? மீட்டும்மா.” பேய்ப் படத்தில் கதவு திறக்கும் ஓசை வந்தது. அதுதான் டிமினிஷ்டு. “இப்ப நாலாவது ஸ்ட்ரிங் விரலை மட்டும் எடுத்துடு.”

“அங்கிள், இது டி செவன்த்!”

ஆமாம், முதல் மாதத்தில் எல்லோரும் கற்கிற அதே டி செவன்த். மறுபடி பழைய வடிவம், இப்போது மூன்றாவது ஸ்ட்ரிங்கை ஒரு ஃப்ரெட் இறக்கினால் ஏ ஃப்ளாட் செவன்த். இரண்டாவதை இறக்கினால் பி செவன்த். முதலாவதை இறக்கினால் எஃப் செவன்த். ஒரே வடிவத்தின் நாலு விரலுக்கு நாலு செவன்த் கார்டு. இந்த டிமினிஷ்டு வடிவத்தை மூன்று ஃப்ரெட் மேலே தள்ளினால் அதே நாலு நோட்டுதான், இடம் மாறி வரும். எனவே உலகத்தில் டிமினிஷ்டு மொத்தமே மூன்று. மூன்று நாலு பன்னிரண்டு, பன்னிரண்டு செவன்த்தும் முடிந்தது.

ஆக்மென்டட்டை அவளே தேடட்டும் என்று விட்டேன். நாலாவது ஸ்ட்ரிங்கில் 2, மூன்றாவதில் 1, இரண்டாவதில் 1. இந்த மூன்று ஸ்ட்ரிங்கை மட்டும் மீட்ட வேண்டும். மூன்றாவதை எடுத்தாள்: சி மேஜர். திரும்ப வைத்து இரண்டாவதை எடுத்தாள்: இ மேஜர். நாலாவதை ஒரு ஃப்ரெட் இறக்கினாள்: ஏ ஃப்ளாட். “ஏத்தினா என்ன ஆகும் அங்கிள்?” என்று அவளாகவே கேட்டு, மூன்றாவது ஸ்ட்ரிங்கை ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றினாள். ஏ மைனர். ஒன்றை இறக்கினால் மேஜர், ஒன்றை ஏற்றினால் மைனர். ஆரம்பப் பாடத்தில் தனித்தனியாக மனப்பாடம் செய்த சி, இ, ஏ மைனர் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் அந்தப் பெண் ஒரு பத்து நிமிஷம் என்னைக் கவனிக்கவே இல்லை. ஆக்மென்டட் நாலு ஃப்ரெட்டுக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் சொல்லும், ஆகவே அது மொத்தம் நாலு. நாலு மூன்று பன்னிரண்டு. கணக்கு பாருங்கள், எவ்வளவு அழகு.

தனி வாசிப்புக்கு அவர் வைத்த வழி இன்னும் சிக்கனமானது: எல்லாவற்றையும் மைனராக மாற்றிக்கொள். பின்னால் ஜி செவன்த் ஓடுகிறதா, நீ டி மைனர் நினைப்பில் வாசி. சி மேஜர் ஓடுகிறதா, ஏ மைனரோ இ மைனரோ வாசி. விரலுக்குப் பழகியது மைனர் வடிவங்கள் மட்டுமே, கீழே ஓடும் கார்டு மாறும்போது அதே வடிவத்துக்குப் பொருள் மாறிவிடும். 1983இல் வந்த ‘லீனியர் எக்ஸ்பிரஷன்ஸ்’ என்ற அவருடைய பாடப் புத்தகம் முழுவதும் இதுதான். கர்நாடக சங்கீதம் கேட்டவர்களுக்கு இது புதிதே இல்லை. மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் மத்தியமாவதி, காந்தாரத்தை வைத்தால் இந்தோளம். கிரகபேதம். அங்கே வித்வான் ஒரு நிமிஷம் காட்டிவிட்டு ஆதார சுருதிக்குத் திரும்பிவிடுவார், கைதட்டல் வாங்குவார். ஜாஸில் பேஸ் வாசிப்பவர் இரண்டு பாருக்கு ஒருமுறை தரையையே மாற்றுகிறார், திரும்ப இடம் கிடையாது.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. மைனர் மைனர் என்றே ஓடினால் சி மேஜரின் வெளிச்சம் கொஞ்சம் மங்கித்தான் போகும், மார்ட்டினோவின் வாசிப்பிலேயே அந்த மங்கலைக் கேட்கலாம். அவருக்கு அது நிறம், மாணவர்களுக்கு அது சோம்பலாகிவிடக்கூடும். மேலும் அவர் பாடத்தை நட்சத்திர வடிவங்கள், சீனத்து ஐ சிங் கட்டங்கள் என்று எங்கெங்கோ கொண்டுபோய் இணைத்தார். அதை நான் மரியாதையாகத் தாண்டிவிடுவேன். பெரம்பூரில் அது போணியாகாது.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அவர் மறுபடி முழு மூச்சாக மேடையில் இருந்தார். கூடவே பிலடெல்பியாவில் ஒரு கலைக் கல்லூரியிலும் வீட்டிலும் பாடம். 2001இல் ‘லைவ் அட் யோஷிஸ்’ ஆல்பத்தில் ஆர்கனில் ஜோயி டிஃபிரான்செஸ்கோ, டிரம்ஸில் பில்லி ஹார்ட். பதின்ம வயதில் தொடங்கிய அதே ஆர்கன் ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். 2006இல் வெஸ் மாண்ட்கோமரிக்கு ஓர் ஆல்பம் முழுக்கக் காணிக்கை. 2018இல் மூச்சுக் கோளாறு வந்து வாசிப்பு நின்றது. 2021 நவம்பர் 1ஆம் தேதி, மிக்கி இசைத்தட்டு ஓடவிட்ட அதே வீட்டில், எழுபத்தேழு வயதில் காலமானார். அறுவை சிகிச்சைக்குப் பின் நாற்பத்தொரு வருஷம் வாழ்ந்திருக்கிறார். இரண்டாவதாகக் கற்ற கிட்டார்தான் முதலில் கற்றதைவிட அதிக காலம் அவர் கையில் இருந்தது, இதை யாரும் கணக்கிட்டுச் சொல்லி நான் படித்ததில்லை.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று நேற்றுகூட ஒருவர் கேட்டார். ‘எல் ஓம்ப்ரே’வில் ‘ஜஸ்ட் ஃபிரெண்ட்ஸ்’ நல்ல வாசல். அதற்குப் பிறகு 1972இல் நியூயார்க்கில் மேடையில் பதிவான ‘லைவ்!’ ஆல்பத்தில் இருக்கும் ‘சன்னி’. அதில் நடுவில் ஒரு சின்னத் துணுக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார், திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்ப. ஆர்கன் பாரில் ஜனம் கூச்சல் போட்டுக் கற்றுக்கொடுத்தது அதுதான். என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு ‘சன்னி’யைக் கேட்டுவிட்டு வரவும். கேபிளை நான் தருகிறேன், பிக் அவரவர் கொண்டுவர வேண்டும். போன வாரம் காணாமல் போன மூன்றும் இன்னும் கிடைக்கவில்லை.